வாக்குத்தத்த அட்டையும் ஆறுமுக நாவலரும்

டிசம்பர் 31 ராத்திரி மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் என்று எந்தப் பக்கத்து புராட்டஸ்டண்ட் சபைக்குப் போனாலும் இதைப் பார்க்க வாய்ப்பு உண்டு. பன்னிரண்டு மணி ஆராதனை முடிந்து, எல்லோரும் கை குலுக்கி வாழ்த்துச் சொல்லி முடித்ததும், ஒரு தட்டிலோ பெட்டியிலோ சின்னச் சின்ன அட்டைகள் வரும். ஆளுக்கு ஒன்று எடுக்கணும். அட்டையில் ஒரு பூவோ மலையோ படமாக இருக்கும், கீழே ஒரு பைபிள் வசனம். அந்த வருஷம் முழுக்க உங்களுக்கான வாக்குத்தத்தம் அதுதான். சிலர் பர்ஸில் வைத்துக்கொள்வார்கள். சிலர் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவார்கள்.

இதைக் கிண்டல் பண்ண எனக்கு உரிமை இல்லை. திருமுறையில் கயிறு சாத்திப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. சுவடிக்குள் கயிற்றை விட்டு, வந்த ஏட்டில் இருக்கும் பாட்டே நமக்கான பதில் என்று எடுத்துக்கொள்வது. புத்தகத்தைக் கேள்வி கேட்டு ஒற்றை வரியில் பதில் வாங்கும் ஆசை எந்த மதத்துக்கும் தனிச்சொத்து கிடையாது. ஆனால் "பைபிளை வாசித்தால் கடவுளிடம் நெருங்கலாம்" என்று சொல்லிவிட்டு இந்த அட்டையைக் கையில் கொடுக்கும்போது, வாசிப்பு என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் கொடுக்கிறோம் என்று கேட்கத் தோன்றுகிறது.

கேட்கத் தூண்டியவர் மந்தைவெளியில் இருக்கும் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா. ஒரு வருஷம் அவருக்கு வந்தது எரேமியா 29:11. தம் மக்களுக்கு நன்மையான ஒரு முடிவையே வைத்திருப்பதாகக் கடவுள் சொல்லும் இடம். அட்டைகளில் மிக அதிகமாகச் சுற்றும் வசனங்களில் இது ஒன்று. அந்த வருஷம் ஆகஸ்டில் அவருடைய அம்மா நோயில் இறந்துபோனார். துக்கத்துக்குப் போனபோது அக்கா கேட்டது: "அட்டையில அப்படித்தானே இருந்துச்சு? அப்போ நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேனா? என் விசுவாசம் பத்தலையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து எரேமியா 27லிருந்து 29 வரை உட்கார்ந்து படித்தேன். படித்த பிறகு கோபம்தான் வந்தது. பைபிள் மேல் இல்லை, அட்டை மேல்.

எரேமியா எழுதிய கடிதம்

அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் வருகிறது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். "எப்போது ஊர் திரும்புவோம்?" என்பதுதான் அவர்களுடைய ஒரே கேள்வி. கடிதம் சொல்லும் பதில் கசப்பானது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள், உங்களைச் சிறைப்பிடித்துக் கொண்டுபோன அந்த ஊருக்காகவே வேண்டிக்கொள்ளுங்கள். ஏனென்றால் 70 வருஷம் ஆகும்.

70 வருஷம் என்றால் என்ன? அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்த பெரியவர்களில் அநேகமாக யாரும் திரும்பிப் போகப்போவதில்லை. நன்மையான முடிவு என்பது உண்மைதான், ஆனால் அது பேரப்பிள்ளைகளுக்கு. அந்த வாக்குத்தத்தம் தம் மண்ணைப் பார்க்காமலே சாகப்போகிறவர்களிடம் சொல்லப்பட்டது.

இதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்று இன்னொரு தீர்க்கதரிசி வருகிறார். அவர் சொன்ன கணக்கு இரண்டே வருஷம். இரண்டு வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறியும், எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று ஆலயத்தில் நின்று சொல்கிறார். எரேமியா கழுத்தில் போட்டிருந்த மரநுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டுகிறார். கேட்டவர்களுக்கு எவ்வளவு தெம்பாக இருந்திருக்கும்! பைபிள் அவரைப் பொய் சொன்னவர் என்கிறது.

சொல்லப்போனால், அன்றைக்கு வாக்குத்தத்த அட்டை கொடுத்துக்கொண்டிருந்தவர் அனனியாதான். நாம் எரேமியாவின் வரியை எடுத்து அனனியாவின் குரலில் வாசிக்கிறோம். வார்த்தை மாறவில்லை, எழுத்துப் பிழை இல்லை. ஆனாலும் வசனம் தலைகீழாகிவிட்டது.

பிலிப்பியர் 4:13க்கும் இதே கதிதான். எதையும் செய்ய எனக்குப் பலம் உண்டு என்று பரீட்சைக்கும் இன்டர்வியூவுக்கும் முன்னால் சொல்லிக்கொள்ளும் வசனம். அதை எழுதும்போது பவுல் சிறையில் இருக்கிறார். முந்தைய வரிகளில் அவர் பேசுவது பசியோடு இருக்கவும், வயிறு நிறைந்து இருக்கவும், இரண்டு நிலையிலும் குலையாமல் இருக்கவும் தான் கற்றுக்கொண்டதைப் பற்றி. ஜெயிப்பதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. தோற்றாலும் தாங்குவதைப் பற்றித்தான்.

பிப்ரவரியில் நிற்கும் வண்டி

"அட்டை வேண்டாம், முழு பைபிளையும் ஒரு வருஷத்தில் படித்துவிடுகிறேன்" என்று கிளம்புகிறவர்கள் உண்டு. நல்ல விஷயம். புராட்டஸ்டண்ட் பைபிளில் 1,189 அதிகாரங்கள். ஒரு நாளைக்கு மூன்றே கால் என்று வைத்தால் டிசம்பர் கடைசியில் முடியும்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜனவரி முதல் பாதி ஆதியாகமம், கதை கதையாக ஓடும். யாத்திராகமத்தில் செங்கடல் வரை சினிமா மாதிரி போகும். ஜனவரி 24 வாக்கில் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் ஆரம்பிக்கும். திரை எத்தனை முழம், கொக்கி எத்தனை, எந்த மரம், எந்த நூல். மாசக் கடைசியில் லேவியராகமம். பலி, இரத்தம், கொழுப்பு, தீட்டு, சுத்திகரிப்பு. பிப்ரவரி முதல் வாரத்தில் வண்டி நின்றுவிடும். அப்படியே சங்கீதத்துக்குத் தாவிவிடுவோம். "அதெல்லாம் பழைய ஏற்பாடு, நமக்கு இப்போ தேவையில்லை" என்று ஒரு சமாதானமும் கையில் இருக்கும்.

நாம் நிற்கும் அந்த இடத்தில் நிற்காமல் போன ஒரு தமிழர் உண்டு. அவர் கிறிஸ்தவர் கிடையாது.

1822ல் யாழ்ப்பாணம் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர், மெதடிஸ்ட் மிஷனரி பீட்டர் பெர்சிவல் நடத்திய பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியரானவர். 1840களில் பெர்சிவல் பைபிளைத் தமிழில் புதிதாக மொழிபெயர்த்தபோது அவருக்குத் துணையாக உட்கார்ந்தவர். அதை அச்சேற்றும் வேலைக்காக இருவரும் சென்னைக்கே வந்தார்கள். இங்கே மழவை மகாலிங்கையர் அதன் தமிழைப் பார்த்து ஒப்புதல் தந்தார் என்பது நாவலர் வரலாறுகளில் தவறாமல் வரும் செய்தி. 1850ல் சென்னையில் அது வெளிவந்தது. மொழிபெயர்ப்புக்கு உட்காருகிறவருக்கு லேவியராகமத்தைத் தாண்டிக் குதிக்கும் வசதி கிடையாது. ஒவ்வொரு கொக்கிக்கும் முழத்துக்கும் தமிழ் கண்டுபிடித்தாக வேண்டும்.

அந்தப் படிப்பிலிருந்து பிறந்தது 1854ல் வந்த சைவதூஷண பரிகாரம். விக்கிரகம், தூபம், தீபம், அபிஷேகம், திருவிழா எல்லாம் அஞ்ஞானம் என்று மிஷனரிகள் பேசிக்கொண்டிருந்த காலம். நாவலரின் பதில் எளிமையானது: உங்கள் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். விளக்கு, தூபம், அபிஷேகத் தைலம், ஆசாரியருக்குத் தனி உடை, பலி, பண்டிகை நாள் எல்லாவற்றையும் உங்கள் கடவுளே விதிமுறையோடு கட்டளையிட்டிருக்கிறாரே? அங்கே பரிசுத்தமாக இருப்பது இங்கே எப்படி மூடத்தனமாகும்?

அதெல்லாம் கிறிஸ்துவோடு நிறைவேறிவிட்டது என்பது வழக்கமான பதில். எபிரெயர் நிருபம் அதைத்தான் வாதிக்கிறது. ஆனால் அந்த நிருபத்தை எழுதியவருக்குக் கூடாரமும் பலிபீடமும் ஆசாரிய முறையும் அத்துப்படி. நிறைவேறிய விஷயம் என்னவென்று தெரியாமல் "நிறைவேறிவிட்டது" என்று சொல்வது பதில் ஆகாது, தப்பித்தல்தான்.

நாவலர் பைபிளை வாசித்தது கடவுளிடம் நெருங்க இல்லை என்று யாராவது சொல்லலாம். சரி. அவர் தன் சிவனிடம்தான் நெருங்கினார். ஆனால் புத்தகத்துக்குக் கொடுக்க வேண்டிய அடிப்படை மரியாதையை, அதாவது அது சொல்வதை முழுசாகக் கேட்பதை, அவர் கொடுத்தார். அந்தப் புத்தகத்தை உயிர் என்று சொல்லும் நம்மில் பலர் கொடுக்காதது அது.

மயிலாப்பூரில் ஒரு ஞானஸ்நானம்

இங்கே பெர்சிவலை மறுபடியும் கூப்பிட வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தை விட்டு 1850களில் சென்னைக்கு வந்தவர் தினவர்த்தமானி பத்திரிகையை நடத்தினார், பிரசிடென்சி கல்லூரியிலும் பாடம் சொன்னார். அந்தப் பத்திரிகையில் அவருக்குத் துணையாக வந்து சேர்ந்தார் திருநெல்வேலிப் பக்கத்துக் கரையிருப்பைச் சேர்ந்த கிருஷ்ண பிள்ளை. வைணவ வேளாளர் குடும்பம். அப்பா கம்பராமாயணத்தில் ஊறியவர். மகன் 1853லிருந்து சாயர்புரத்து மிஷன் பள்ளியில் தமிழாசிரியர். ஏற்கெனவே மதம் மாறியிருந்த நண்பர்கள் கொடுத்த புத்தகங்களைப் படித்துப் படித்து மனசு அலைபாய்ந்துகொண்டிருந்தவர். 1858ல் மயிலாப்பூர் தூய தோமா ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்று ஹென்றி ஆல்ஃபிரட் கிருஷ்ண பிள்ளை ஆனார். சாந்தோம் பேராலயத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர் சேர்ந்தது ஆங்கிலிக்கன் சபை.

ஒரே பெர்சிவலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு தமிழ்ப் புலவர்கள். இருவரும் அதே பைபிளைக் கூர்ந்து படித்தவர்கள். ஒருவர் சைவத்துக்கு அரணாக நின்றார், மற்றவர் மயிலாப்பூரில் தலை குனிந்து தண்ணீர் வாங்கினார். பைபிளைத் திறந்தால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணத்துக்கு இந்த இருவருமே பெரிய இடைஞ்சல்.

கிருஷ்ண பிள்ளையின் வாசிப்பு எப்படிப்பட்டது என்பதற்குச் சாட்சி இரட்சணிய யாத்திரிகம். நற்போதகம் இதழில் தொடராக வந்து, 1894ல் நூலானது. ஜான் பன்யன் 1678ல் வெளியிட்ட, தமிழ்க் கிறிஸ்தவ வீடுகள் 'மோட்சப் பிரயாணம்' என்று அறிந்த கதையைக் கம்பன் வழியில் காவியமாக்கியது. பன்யனின் கதை எப்படி ஆரம்பிக்கிறது என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கந்தல் உடுத்திய ஒரு ஆள். முதுகில் பெரிய சுமை. கையில் ஒரு புத்தகம். அதைத் திறந்து வாசிக்கிறான், நடுங்குகிறான், அழுகிறான். வீட்டுக்குப் போனால் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு இவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயம்.

அந்தப் புத்தகம் பைபிள். அது அவனுக்கு முதலில் ஆறுதல் தரவில்லை, தூக்கத்தைக் கெடுத்தது. சுமை இருப்பதையே வாசித்துத்தான் தெரிந்துகொள்கிறான். சுமை விழுவது ரொம்ப தூரம் நடந்த பிறகு, சிலுவையடியில். கிருஷ்ண பிள்ளையைப் பிடித்து உலுக்கிய கதை இது. வாசித்த அன்றே சமாதானம் வந்துவிட வேண்டும் என்று நினைக்கும் நமக்கும் அவருக்கும் இங்கேதான் இடைவெளி.

அவர் பன்யனை அப்படியே தமிழில் இறக்கவும் இல்லை. பன்யன் சிலுவைக் காட்சியைச் சில வரிகளில் கடந்துபோவார். கிருஷ்ண பிள்ளை நின்றுவிடுகிறார். இயேசுவின் பாடுகளையே நீண்ட பகுதியாகக் காவியத்துக்குள் கொண்டுவருகிறார். நடுநடுவே தேவாரம் போன்ற இசைப்பாக்கள். கம்பனிடம் கற்ற நிதானம் அது. ஒரு இடத்தில் கண் கலங்கினால் அங்கேயே உட்கார்ந்து பாடிவிட்டுத்தான் எழுந்திருப்பது. நெருக்கம் என்பதற்குத் தமிழில் ஏற்கெனவே இருந்த வழி.

குறையையும் சொல்லிவிடணும். காவிய நடைக்காக அவர் சேர்த்த வர்ணனைகளும் கடினச் சொற்களும் புத்தகத்தைச் சாதாரண விசுவாசியின் கைக்கு எட்டாமல் ஆக்கிவிட்டன. இன்று அது பாடத்திட்டங்களிலும் ஆய்வேடுகளிலும்தான் அதிகம் வாழ்கிறது. சபை பெஞ்சில் யாரிடமும் நான் அதைப் பார்த்ததில்லை. இவ்வளவு உருகி வாசித்தவருடைய புத்தகம் இவ்வளவு தள்ளிப்போய் நிற்பது வருத்தமான விஷயம்.

"எளிய தமிழில் இருந்தால் நெருக்கம் வருமா?"

அட்டைக்குப் பரிந்து பேசுகிறவர்கள் சொல்லும் ஒரு காரணம்: பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் புரிவதில்லை, அதனால்தான் ஒற்றை வசனத்தோடு நிற்கிறோம். இதில் பாதி உண்மை. 1995ல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்ட் அறிஞர்களும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியம் நல்ல, தெளிவான தமிழ். சுவிசேஷம் நற்செய்தி ஆனது, கிருபை அருள் ஆனது, ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆனது. படிக்கத் தடை குறைவு.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். "எனக்குப் பழசுதான் மனசுல ஒட்டுது" என்று அதைத் தள்ளுகிறவர்களும் உண்டு. அவர்கள் பழசு என்று பிடித்திருப்பது பவர் தலைமையில் 1871ல் வந்தது. வந்தபோது அது புதுசு. சீகன்பால்கு 1714ல் தரங்கம்பாடியில் அச்சிட்டபோது கடவுளுக்கு சருவேசுரன் என்று பெயர். சென்னை வேப்பேரியில் இருந்த பப்ரிசியுஸ் பராபரன் என்றார். பவர் தேவன் என்றார். ஒவ்வொரு தடவையும் பழைய சொல்லில் ஜெபம் பண்ணிப் பழகியவர்களுக்குப் புதுச் சொல் அந்நியமாகத்தான் இருந்தது. லுத்தரன் சபைகள் பப்ரிசியுஸை நெடுங்காலம் விடவே இல்லை.

மனசில் ஒட்டுவது பெரும்பாலும் சின்ன வயசில் கேட்ட ஓசை. அது அருமையானதுதான், அம்மாவின் குரல் மாதிரி. ஆனால் ஓசையோடு இருக்கும் நெருக்கத்தைக் கடவுளோடு இருக்கும் நெருக்கம் என்று எண்ணிக்கொள்ளும் ஆபத்து உண்டு. எளிய தமிழ்க்காரருக்கும் அதே ஆபத்துதான். எரேமியா 29:11ஐ எந்த மொழிபெயர்ப்பிலிருந்து வெட்டினாலும் 70 வருஷம் அட்டைக்கு வெளியேதான் விழும்.

பைபிளே சொல்லும் எச்சரிக்கை

யோவான் 5ஆம் அதிகாரத்தில் இயேசு சிலரிடம் கடுமையாகப் பேசுகிறார். அவர்கள் வேதத்தைத் துருவித் துருவிப் படிக்கிறவர்கள். எழுத்திலேயே வாழ்வு இருப்பதாக நினைத்துக்கொண்டு, அது கைகாட்டும் ஆளிடம் வர மறுக்கிறீர்களே என்பது அவருடைய குற்றச்சாட்டு. பைபிள் படிப்பதைப் பற்றிப் பைபிளுக்குள்ளேயே இருக்கும் விமர்சனம் இது. எனக்குத் தெரிந்து இந்த இடம் அட்டையில் வருவதில்லை.

அதே யோவானைத் தமிழ் பக்திப் பாடல்களோடு சேர்த்துப் படித்தவர் பாளையங்கோட்டையில் 1891ல் பிறந்த ஏ.ஜே. அப்பாசாமி. ஆக்ஸ்ஃபோர்டில் அவருடைய ஆய்வே பக்தி இலக்கியமும் நான்காம் சுவிசேஷமும்தான். 1927ல் வந்த அவருடைய நூல் கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகவே விளக்கியது. கடவுளோடு ஒன்றுவது என்றால் அவரில் கரைந்து காணாமல் போவது இல்லை, அன்பிலும் சித்தத்திலும் இணைவது என்பது அவர் யோவானிடமிருந்து எடுத்த முடிவு. அவரில் நிலைத்திருப்பது என்பதை யோவான் 15 ஒருவரை ஒருவர் நேசிப்பதோடும், சொன்னபடி நடப்பதோடும் கட்டிவைக்கிறது. இது எனக்கு உதவியாக இருக்கிறது. இருவர் நெருங்குவது ஒருவர் மற்றவருக்குப் பிடித்ததை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதால் இல்லையே. நண்பன் சொல்லும் கசப்பையும் உட்கார்ந்து கேட்பதால்தான்.

அட்டைக்கு ஒரு நியாயம் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. ஆஸ்பத்திரி வராண்டாவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு மூன்று அதிகாரம் படிக்கத் தெம்பு இருக்காது. அந்த நேரத்தில் ஒரு வரி பிடித்துக்கொள்ளக் கிடைப்பது பெரிய விஷயம். என் புகார், அந்த வரி காரியம் ஆகவில்லையென்றால் பழி வாசித்தவர் தலையில் விழுவதைப் பற்றித்தான். வசனத்தை வெட்டியவர்கள் யார் என்று யாரும் கேட்பதில்லை. "உன் விசுவாசம் பத்தல" என்று சொல்ல மட்டும் ஆள் இருக்கிறது. யோபுவிடம் அவருடைய நண்பர்கள் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். அந்தப் புத்தகத்தின் முடிவில் கடவுள் கோபித்துக்கொள்வது அந்த நண்பர்களிடம்.

துக்கத்துக்குக்கூட பைபிளில் முழு இடம் இருக்கிறது. 88ஆம் சங்கீதத்தைப் படித்துப் பாருங்கள். மற்ற புலம்பல் பாட்டுகளில் பெரும்பாலும் கடைசியில் ஒரு நம்பிக்கைத் திருப்பம் வரும். இதில் வராது, இருட்டிலேயே முடியும். தொகுத்தவர்கள் அதை எடுத்துப்போடாமல் விட்டிருக்கிறார்கள். அப்படிப் பேசுவதும் ஜெபம்தான் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

கொஞ்ச நாள் கழித்து அந்த அக்காவிடம் எரேமியாவின் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். 70 வருஷம், வீடு கட்டச் சொன்னது, தோட்டம் போடச் சொன்னது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்போ அவங்களுக்கும் நடக்கலையா?" என்றார். "அவங்க காலத்துல நடக்கல" என்றேன். "இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார். அவருடைய துக்கம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் தப்பு தன்னுடையது என்ற பேச்சை அதற்கப்புறம் அவர் எடுக்கவில்லை.

அதனால் வருகிற டிசம்பர் 31 அட்டை எடுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மறுநாள் காலையில் அந்த வசனம் இருக்கும் அதிகாரத்தை முழுசாகப் படியுங்கள். முடிந்தால் முந்தைய அதிகாரத்தையும்.